கிணறு எண் 147

பிப்ரவரி 9

தண்ணீர்த் திட்டத்து ஆபீஸில் இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் எத்தனை கிணறு பார்த்தேன், யார் என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டுமாம். நூற்றிருபது பக்கம். எங்கள் ஊர்க் கிணறுகளுக்கு இருபது பக்கம் தாராளம். மீதியை வீணாக்குவானேன்? வீட்டுக் கதையையும் இதிலேயே எழுதிக்கொள்கிறேன். எடுத்துப் படிக்கிறவர் யாரும் இங்கே இல்லை. என் வீட்டுக்காரர் இவர், பேப்பரிலேயே ராசிபலனைத் தாண்டி எதையும் படித்ததில்லை.

வேலை இதுதான். நத்தக்காட்டு வலசு பஞ்சாயத்தில் இருக்கிற ஒவ்வொரு கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் நேரில் போய், எத்தனை அடி, எவ்வளவு தண்ணீர், அந்தக் காட்டில் என்ன வெள்ளாமை என்று கேட்டுச் செல்போனில் ஏற்ற வேண்டும். அதையெல்லாம் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஒரு மேப் செய்வார்களாம். எந்தக் காட்டில் எதை வைத்தால் பூமிக்கு அடியில் தண்ணீர் என்ன ஆகும் என்று ஊர்க்காரர்களே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாமாம். எல்லா வீட்டு வாசலையும் மிதிக்கிற பொம்பளை ஒருத்தி வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். தலைவர் என் பேரைச் சொல்லிவிட்டார். வாயாடி என்று நேராகச் சொல்லியிருக்கலாம்.

காலையில் பால் ஊற்ற வந்த ருக்குமணியிடம் சொன்னேன். வரப்புக்கு அந்தப் பக்கத்துத் தோப்பு அவளுடையது. இரண்டு மாடு, மூன்று ஏக்கர் தென்னை, வாயே திறக்காத ஆறுச்சாமி என்ற புருசன். பதினாறு வருசமாகத் தினமும் அவள் முகத்தில்தான் விழிக்கிறேன். "அட, எங்க திலகமணி அக்கா ஆபீசர் ஆயிட்டாங்களா! இனி பாலை டம்ளர்ல ஊத்தித் தட்டுல வெச்சுத்தான் குடுக்கோணும்" என்றாள். போடி என்று விரட்டினேன்.

பிப்ரவரி 14

மேற்கு வலசில் பதினெட்டு வீடு. எல்லோரும் ஒரே பாட்டுத்தான். "எங்களுக்கு ஒரே போருங். தண்ணி இருக்குதுங்."

தண்ணீர் வராத போரை இந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டில் நடந்த கெட்ட காரியம் மாதிரி அதை மூடி, மேலே எதையாவது வைத்து, பேச்சை மாற்றிவிடுவார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே "தோட்டத்துல தண்ணி எப்படிங்" என்பதுதானே. கிட்டுச்சாமி மாமன் வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்கல் ஒன்றைக் கவிழ்த்து வைத்து அதற்குக் குங்குமம் வேறு.

"இதென்னுங் மாமா?"

"அது கன்னிமாரு அம்மிணி."

"சாமிக்கு அடியில கேசிங் பைப்பு தெரியுதுங்களே?"

நான் சிரித்தேன், அவரும் சிரித்துவிட்டு மோர் கொடுத்தார். மோரைக் குடித்துவிட்டு, 'வறண்டது, 900 அடி' என்று ஏற்றிவிட்டேன். பொய்க் கணக்கு எழுத என்னால் ஆகாது. திட்டத்து மேடம் அருள்மொழி அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறாள். "தண்ணி இருக்கிற கிணறைவிட இல்லாத கிணறுதாங்க்கா முக்கியம்" என்கிறாள். திருச்சிப் பக்கத்துப் பெண். ரொம்பச் சின்ன வயசு. சாப்பிட்டாயா என்று கேட்டால் கண் கலங்குகிறது.

பிப்ரவரி 20

முப்பத்தொரு கிணறு. காலில் நெருஞ்சி. பொழுதோடு வெந்நீர் வைத்துக் கால் ஊறப்போட்டேன்.

பிப்ரவரி 27

மகள் கவிப்பிரியாவுக்கு நல்ல இடம் வந்திருக்கிறது. தாராபுரத்துப் பக்கம், ஒரே பையன், கோயமுத்தூரில் வேலை. கவியும் அங்கேதான் ஆஸ்பத்திரியில் லேப் வேலை பார்க்கிறாள். பையனைப் பார்த்துப் பேசியிருக்கிறாள். பிடித்திருக்கிறது. போனில் அவள் சிரிப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. இருபத்தாறு முடியப்போகிறது, இதற்கு முன் வந்த மூன்று இடமும் தோட்டம் பார்த்துவிட்டுப் போய் மறுபடி பேசவே இல்லை. பையனுடைய அப்பா சாமியப்பனும் வருகிற ஐந்தாம் தேதி தோட்டம் பார்க்க வருகிறார்.

இவர் மூன்று நாளாகக் கடப்பாரையும் கையுமாக இருக்கிறார். மோட்டார் ரூம் பக்கத்துப் பழைய போரிலிருந்து, வரப்போரத்து மூன்றாவது போர் வரைக்கும் வாய்க்கால் வெட்டிப் பைப் பதிக்கிறார். ஆள் விடவில்லை. எதற்கென்று நானும் கேட்கவில்லை. முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

மார்ச் 5

வந்தார்கள். கச்சாயமும் சந்தகையும் செய்தேன். ருக்கு வெள்ளென வந்து கூடமாட நின்றாள். அவள் இல்லாவிட்டால் பாதி கருகியிருக்கும்.

சாமியப்பன் காப்பி குடித்த கையோடு "தோட்டத்தைச் சித்த பாத்துரலாமுங்களா?" என்றார். இவர் மோட்டார் ரூமுக்குப் போய்ப் பட்டனை அமுக்கினார். வரப்போரத்து மூன்றாவது போரில் தண்ணீர் கொட்டியது. சாமியப்பன் குனிந்து கை கழுவி, முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை அடிங்?"

"ஆயிரத்து நூத்தி எம்பதுங்."

"ரெண்டு இஞ்சு வருமாட்ட இருக்குதே. இந்தச் சீமையில இது பெரிய விசயமுங்."

ருக்குவும் இடுப்பில் தட்டோடு அங்கேதான் நின்றாள். அவளும் கையை நீட்டிப் பார்த்தாள். அவர்கள் போன பிறகு இவர் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். பழைய போர் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் தாங்காது. போன வருசம் வேறொரு பையன் வீட்டார் வந்தபோது நடுவில் நின்று மானம் போனது. இந்தத் தடவை போகவில்லை. சாமி புண்ணியம்.

மார்ச் 8

ஊரில் எல்லாக் கிணறும் முடிந்தது. எங்கள் தோட்டம்தான் பாக்கி. செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இவர் பின்னால் வந்து நின்றார்.

"என்ன எழுதப் போறே?"

"இருக்கறதைத்தான்."

"அந்த மேப்பை ஊரே பாக்கும். சம்பந்தி வீட்டுலயும் செல்போன் இருக்குது. நம்ம காட்டை மட்டும் செவப்பாக் காட்டுவியா திலகு?"

பழைய போர், எண் 146, 640 அடி. மூன்றாவது போர், எண் 147, 1180 அடி, இரண்டு இஞ்ச். அவ்வளவுதான். துளசி மாடத்துக்கு அடியிலும் மாடில்லாத பழைய மாட்டுச்சாலைக்குப் பின்னாலும் இருப்பதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவை மூடிய குழிகள். ஊரில் யாரும் சொல்லாததை நான் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

அரிசிம்பருப்பு சாதம் அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 22

கிராம சபை. சமுதாயக் கூடத்தில் பெரிய டிவியைச் சாத்தி வைத்து அருள்மொழி மேப்பைக் காட்டினாள். வழக்கமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிற கூட்டம், இன்றைக்கு ஒருத்தர்கூட நகரவில்லை.

ஊர் முழுவதும் கட்டம் கட்டமாக. ஒவ்வொருத்தர் காடும் தெரிகிறது. காட்டைத் தொட்டால் தென்னை, மக்காச்சோளம், சோளம், மேய்ச்சல், சைட் என்கிற வீட்டுமனை, கோழிப்பண்ணை என்று பட்டியல் வருகிறது. வேண்டியதை அமுக்கிவிட்டு, கீழே இருக்கிற வருசக் கோட்டை இழுத்தால் பூமிக்கு அடியில் நிறம் மாறுகிறது. நீலம் என்றால் தண்ணீர் உண்டு. மஞ்சள் என்றால் தொட்டும் தொடாமலும். சிவப்பு என்றால் கைகழுவ வேண்டியதுதான்.

தென்னை இருக்கிறபடியே இருக்கட்டும் என்று வருசத்தை இழுத்தாள். எட்டாவது வருசத்தில் ஊரே சிவந்துவிட்டது. அப்புறம் கிட்டுச்சாமி மாமன் எழுந்து, "என்ற தோப்பு அப்படியே இருக்கட்டும், எங்க பங்காளி தோப்பை எடுத்துப்போட்டுப் பாரு சாமி" என்றார். கூடமே சிரித்தது. ஆளாளுக்கு அடுத்தவன் தென்னையைப் பிடுங்கினார்கள். ஊர்க்குளத்தில் சீமைக்கருவேலத்தை எடுத்தால், சைட் போடாமல் மேற்கு மேய்ச்சலை விட்டால், சிவப்பு வர இருபது வருசம் ஆகும் என்று காட்டியது. எல்லோரும் தலையாட்டினார்கள். குளத்தைச் சுத்தம் செய்ய யார் வருகிறீர்கள் என்று தலைவர் கேட்டபோது டீ வந்துவிட்டது.

ஆழத்தைக் கூட்டிப் பார்த்தபோது ஆயிரம் அடிக்குக் கீழே ஊர் பூராவும் சிவப்பு. எங்கள் வரப்போரத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். அந்த நீலம் எங்கள் காட்டில் பாதி, தெற்கே கிட்டுச்சாமி மாமன் காட்டில் கொஞ்சம், மீதி ருக்குமணி தோப்பில்.

"கிணறு இருக்கிற இடம் நமக்குத் தெரியும். ரெண்டு கிணத்துக்கு நடுவுல என்ன இருக்குன்னு இது கணக்குப் போட்டுச் சொல்லுது" என்றாள் அருள்மொழி. "இங்க 147னு ஒரு போர் இருக்கு. அதை வெச்சு இந்தச் சுத்துவட்டாரத்தை நீலமாக் காட்டுது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் மீசையைத் தடவிக்கொண்டார். நான் குனிந்து நோட்டில் எதையோ எழுதுகிற மாதிரி இருந்தேன்.

மார்ச் 29

ருக்கு தோப்பில் குரும்பை உதிர்கிறது. மட்டையெல்லாம் தொங்கிவிட்டன. அவளுடைய போர் மாசியிலேயே காற்றை இழுக்க ஆரம்பித்துவிட்டது. சைட் புரோக்கர் ஒருத்தர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாரம் தவறாமல் வருகிறார்.

இன்றைக்குப் பாலை ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அக்கா, அருள்மொழி மேடம் எனக்குத் தனியாப் போட்டுக் காட்டுச்சுங். ரெண்டு ஏக்கர் தென்னைய எடுத்துட்டுச் சோளம் வெதச்சு, தட்டு அறுத்து மாட்டுக்குப் போட்டா, இருக்கற தண்ணி போதும்னு காட்டுதுங். மாட்டை வெச்சே பொழைச்சுக்கலாம்னு நானும் நெனைக்கிறேன்."

"செய்யேன், நல்ல ரோசனைதானே."

"எங்க வீட்டுக்காரரு கேக்க மாட்டீங்கறாருங்க்கா. நீலமாக் காட்டுது, அறுவது கெஜத்துல அக்கா தோட்டத்துல ரெண்டு இஞ்சு கொட்டுது, நாம ஏன் தென்னைய வெட்டோணும்கிறாரு. தண்ணி பாக்கறவரும் வந்தாரு. உள்ளங்கையில தேங்காய் நட்டமா நின்னுருச்சு. மாட்டை வித்துப் போர் போடறதா, தென்னைய வெட்டிச் சோளம் போடறதா? நீங்க என்ன சொல்றீங்களோ அதுதானுங்க்கா."

நான் பால் சொம்பை அலம்பினேன். அலம்பின சொம்பையே மறுபடி அலம்பினேன்.

"கம்ப்யூட்டரு காட்டறதைக் காட்டுது ருக்கு. நான் என்னத்தைச் சொல்லட்டும்?"

"அது போதுமுங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். என்ன போதும் என்று எனக்குப் புரியவில்லை.

ஏப்ரல் 3

இவரிடம் பேச்சை எடுத்தேன். "ருக்குகிட்ட மட்டுமாச்சும் சொல்லிரலாமுங் மாமா."

"அவ புருசன் தாராபுரத்துலதான் கொப்பரை போடறான். வெடியாலைக்குள்ள சாமியப்பன் காதுக்குப் போயிரும். கவி மூஞ்சியப் பாத்துட்டு அப்புறம் போய்ச் சொல்லு."

"அவங்க மாட்டை விக்கறாங்."

"பூமிக்குள்ள என்ன இருக்குதுன்னு நீ கண்டியா, நான் கண்டனா? நமக்கு இல்லாட்டி அவங்களுக்கும் இருக்காதா? அறுவது கெஜம் தள்ளிப் போட்டா வந்தாலும் வரும்."

அதுவும் சரிதான். வந்தாலும் வரும். மதியம் கவி பேசினாள். கூரைப்புடவை என்ன நிறம் எடுக்கலாம் என்று கேட்டாள். மாம்பழ நிறம் என்றேன்.

ஏப்ரல் 10

ருக்குவின் மாடு இரண்டையும் விற்று வண்டியில் ஏற்றினார்கள். செவலை ஏறிவிட்டது. காரி ஏறவே இல்லை. பலகையில் காலை வைக்கிறதும் பின்னால் இழுக்கிறதுமாக வண்டிக்காரருக்கு அரை மணி நேரம் தண்ணி காட்டியது. ஆறுச்சாமி தோப்புக்குள் போய்விட்டார். ருக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். காரிக்கு என்னைத் தெரியும், தினமும் கழுநீர் வைக்கிற கை. நான்தான் கயிற்றைப் பிடித்து, "வா சாமி, வா" என்று கூப்பிட்டேன். பின்னாலேயே வந்து ஏறிக்கொண்டது.

ஏப்ரல் 11

பால் இல்லை. கடையில் பாக்கெட் வாங்கினேன். காப்பி வாயில் வைக்க விளங்கவில்லை.

ஏப்ரல் 16

ருக்கு தோப்பில் போர் போட ரிக் வண்டி வெடியால ஆறு மணிக்கு வந்தது. ருக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். வரப்பிலிருந்து பார்த்தால் மூன்றாவது போர்க் குழாய்க்கும் ரிக் வண்டிக்கும் நடுவில் பத்துத் தென்னைதான்.

இருநூறு அடியில் கொஞ்சம் ஈரம். அப்புறம் வெள்ளைப் புழுதி. கம்ப்ரஸர் சத்தத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. மதியம் எழுநூறு அடி. புழுதி. வண்டிக்காரர் கையைக் காட்டினார்: நிறுத்திக்கொள்ளலாமா? ஆறுச்சாமி எங்கள் குழாயைக் காட்டினார். ஆயிரத்து நூற்றெண்பது வரைக்கும் போ என்று விரலால் சொன்னார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நடுவில் இரண்டு தடவை வீட்டுக்குள் போய்ப் பாத்திரம் விளக்கினேன்.

ஆயிரம். புழுதி. ஆயிரத்து நூற்றெண்பது. புழுதி. இன்னும் அறுபது அடி போடச் சொன்னார் அந்த மனுசன். பொழுது இறங்குகிறபோது ராடை உருவ ஆரம்பித்தார்கள். ருக்குமணி தலை, புருவம், ரவிக்கை எல்லாம் மாவு அள்ளிக் கொட்டினது போல வெள்ளை. அழவில்லை. அழுதிருந்தால் கன்னத்தில் கோடு விழுந்திருக்கும். வண்டிக்காரர்களுக்கு டீ போட வேண்டும், வீட்டில் பால் இல்லை, ஒரு பாக்கெட் இருக்குதுங்களா அக்கா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 17

எழுதித்தான் ஆக வேண்டும். இந்த நோட்டிலாவது எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

மூன்றாவது போரில் தண்ணீர் இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை. துளசி மாடத்துக்கு அடியில் ஒன்று, மாட்டுச்சாலைக்குப் பின்னால் ஒன்று, வரப்போரத்தில் ஒன்று. மூன்றும் புழுதி. வரப்போரத்துக் குழாயில் கொட்டினது பழைய போர்த் தண்ணீர். அடியில் பைப் பதித்துக் கொண்டுபோய்க் கொட்டினோம். அதைத்தான் 147 என்று எண் போட்டு, இரண்டு இஞ்ச் என்று எழுதினேன். ஊரில் அந்த ஆழத்தில் தண்ணீர் காட்டினது அந்த ஒரு புள்ளி மட்டும். கம்ப்யூட்டர் நான் சொன்னதை நம்பி ருக்கு தோப்புக்கு நீலம் பூசியது. அந்த நீலத்தைப் பூசினது நான்.

ஏப்ரல் 19

ருக்குவின் போரைக் கணக்கில் ஏற்ற வேண்டியது என் வேலை. எண் 148, 1240 அடி, வறண்டது. ஏற்றினேன். அருள்மொழி போன் செய்தாள்.

"அக்கா, அறுபது கெஜத்துல ஒண்ணுல ரெண்டு இஞ்ச், இன்னொண்ணு வறண்டிருக்கு. 147ஐ ஒருதடவை சரி பார்த்தீங்களா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே, "பாறை வெடிப்பு அப்படியும் இருக்கும்தான், ஆச்சரியமில்லை" என்றாள். ஆமாமா, பாறை அப்படித்தான் என்றேன். நீலம் ருக்கு பக்கம் சுருங்கிவிட்டது. கிட்டுச்சாமி மாமன் பக்கம் இன்னும் அப்படியே நிற்கிறது.

ஏப்ரல் 24

ருக்கு வீட்டில் தோப்பை விற்கச் சைட் புரோக்கரோடு அக்ரிமெண்ட் எழுதிவிட்டார்களாம். கல் நடக் கயிறு பிடித்து அளக்கிறார்கள். கவிக்கு மே எட்டாம் தேதி நிச்சயம்.

ஏப்ரல் 28

கிட்டுச்சாமி மாமன் வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டுப் போனார். தெற்குக் காட்டில் போர் போடப் போகிறாராம். மே நாலாம் தேதி ரிக் வருகிறதாம். "ஆறுச்சாமிக்கு யோகமில்லை. எனக்கு உங்க பக்கத்து நீலம் இன்னும் இருக்குதாமா அம்மிணி. மேடமே சொல்லுச்சு." மருமகள் கொலுசுவரைக்கும் கழற்றிக் கொடுத்துவிட்டாளாம். இவர் "நல்லபடியா நடக்கட்டுமுங்" என்றார். நான் எழுந்து போய்விட்டேன்.

மே 1

மறுபடி கிராம சபை. அதே டிவி. அருள்மொழி புதுக் கணக்கோடு மேப்பைப் போட்டாள். கிட்டுச்சாமி மாமன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் அந்த நீலத்தின்மேல் விரலை வைத்தார். "இந்த எடம்தானுங்களே? இங்கதான் நாலாம் தேதி போடறனுங்."

அவர் விரல் காய்ப்புப் பிடித்த விரல். எழுபது வயசு. அதைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"மேடம், 147ஐ எடுங்."

"என்னக்கா?"

"அதுல தண்ணி இல்லீங். வறண்டதுனு போடுங். தொளசி மாடத்துக்கடியில ஒண்ணு, 1100 அடி, அதும் வறண்டது. மாட்டுச்சாலைக்குப் பின்னால ஒண்ணு, 1250. அதும் வறண்டது. பழைய போர்த் தண்ணியத்தான் பைப்புல கொண்டாந்து கொட்டுனோம். நான்தான் மாத்தி எழுதுனேன்."

"திலகு!" என்றார் இவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அருள்மொழி மூன்றையும் ஏற்றினாள். ஒன்றைத் தப்பாக ஏற்றி, மறுபடி ஏற்றினாள். ஒரு வட்டம் சுற்றி நின்றது. நீலம் போயிற்று. உள்ளங்கை அகலம்கூட மிச்சமில்லை. ஊர் பூராவும் ஒரே நிறம்.

கிட்டுச்சாமி மாமன் திரையிலிருந்து விரலை எடுத்தார். என்னைப் பார்த்து ஏதாவது திட்டுவார் என்று நின்றேன். "என்ற ஆட்டுக்கல்லைப் பாத்துச் சிரிச்சியே அம்மிணி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பின்னாலிருந்து ருக்குமணி எழுந்து வந்தாள். அவள் வந்திருந்ததே எனக்குத் தெரியாது. என்னைப் பார்க்கவில்லை. "மேடம், எங்க காட்டைத் தொடுங். தென்னை ரெண்டு ஏக்கர் எடுத்துட்டுச் சோளம் போடுங்" என்றாள். அருள்மொழி போட்டாள். "வருசத்தை இழுங்." இழுத்தாள். ஐந்து, எட்டு, பன்னிரண்டு. மேலாக இருக்கிற தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. சிவக்கவில்லை.

"ரெண்டு மாடு வெச்சிருந்திருக்கலாமுங்களா?"

"வெச்சிருந்திருக்கலாங்க்கா" என்றாள் அருள்மொழி. அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

ருக்குமணி கொஞ்ச நேரம் அந்த மஞ்சளைப் பார்த்தாள். அப்புறம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள்.

மே 2

சாமியப்பன் இவருக்குப் போன் செய்தார். ஜாதகத்தை இன்னொருத்தர்கிட்டக் காட்டிட்டுச் சொல்றோமுங்க என்றாராம். மரியாதையான மனுசர்.

கவி என்னிடம் பேசினாள். "அப்ப அவங்க பாத்தது தண்ணியத்தானா? என்னைப் பாக்கவே இல்லையாம்மா?" என்று கேட்டாள். "அந்தத் தண்ணிய ஏம்மா பொய்யாக் கொட்டுனீங்க? உண்மையச் சொல்லியிருந்தா அவரு எப்படிப்பட்டவர்னு எனக்காச்சும் தெரிஞ்சிருக்குமே" என்று போனை வைத்துவிட்டாள். இவர் நேற்றிலிருந்து சாப்பாட்டைத் தானே போட்டுக்கொள்கிறார்.

மே 3

பத்து மணிக்கு ருக்கு வீட்டுக்குப் போனேன். சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனி. ஆறுச்சாமிக்கு வாட்ச்மேன் வேலை, அவளுக்குப் பிசிறு வெட்டுகிற வேலை. மாட்டுச்சாலை கூட்டி, காய்ந்து கிடந்தது.

என்ன சொல்வது என்று வழியெல்லாம் கூட்டி வைத்திருந்தேன். வாசலில் நின்று, "தப்புப் பண்ணிட்டேன் ருக்கு" என்றேன்.

அவள் பித்தளைப் போசியைச் சாக்குக்குள் வைத்துக்கொண்டே பேசினாள். "அன்னைக்கு உங்க பைப்புத் தண்ணிய வாயில வெச்சுப் பாத்தனுங்க்கா. உங்க பழைய போர்த் தண்ணியாட்டத்தான் சப்புனு இருந்துச்சு. பதினாறு வருசமாக் குடிக்கறேன், எனக்குத் தெரியாதா? அப்பவும் சந்தேகப்படலை. கம்ப்யூட்டரையும் நான் நம்பலீங். அதுல இருக்கறது நீங்க எழுதுனதுன்னுதான் நம்புனேன்."

"கவிக்காகத்தான்..."

"தெரியுமுங். புள்ளைக்குனா நானும் பண்ணியிருப்பேன். ஊருக்கே பொய் சொன்னீங்க, போச்சாது, போகட்டும். எங்களுக்கும் சேத்துத்தான் சொன்னீங்க, அதுவும் போச்சாது." சாக்கின் வாயைக் கட்டினாள். முடிச்சு விழவில்லை. மறுபடி கட்டினாள். "காரி ஏற மாட்டேன்னுச்சுங்க்கா. வாயில்லாத சீவன், அது மாட்டேன்னுச்சு. நீங்கதானே கயித்தைப் பிடிச்சு 'வா சாமி'ன்னு கூப்பிட்டு ஏத்திவிட்டீங்க."

அவள் அடுத்த சாக்கை எடுத்தாள். பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாமுங்க என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

மே 5

இன்று புதுக் கணக்கு ஏற்ற வேண்டும். ஆறுச்சாமி, ருக்குமணி காடு, மூன்று ஏக்கர். தென்னையை எடுத்துவிட்டு 'சைட்' என்பதை அமுக்கினேன். மாடு எத்தனை என்று கேட்டது. பூஜ்யம் போட்டேன்.